வண்டி எந்த வருஷம்? செகண்ட் ஹேண்ட் ஃபேமிலி எஸ்.யூ.வி.யின் ரிப்பேர் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

வரலாறு எபிசோடுன்னதும் ராஜா, போர், கல்வெட்டுன்னு எதிர்பார்த்து வந்திருப்பீங்க. இன்னைக்கு நம்ம கல்வெட்டு ஒரு ஆர்.சி. புக். அதில் "உற்பத்தி ஆண்டு"ன்னு ஒரு வரி இருக்கும். இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு வரியைத்தான் படிக்கப் போறோம்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். திருமங்கலத்தில் பிரிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாக மலை ஏறி ஆரியங்காவு, தென்மலை தாண்டி கொல்லம் போகிறது தேசிய நெடுஞ்சாலை 744. பழைய ஆட்களுக்கு அது என்.எச். 208. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் சமவெளி. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற வண்டிகள். சாரல் ஆரம்பித்தால் குற்றாலம். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர், ஆடி அமாவாசைக்கு சதுரகிரி. இந்த ரோட்டுப் பக்கம் வண்டி வாங்கலாம் என்று ஒரு வீட்டில் பேச்சு வந்தால், "எல்லாரும் ஏறுற மாதிரி பாரு" என்பதுதான் முதல் நிபந்தனை. 7 பேர் சீட்டில் 10 பேர் ஏறுவார்கள், மேலே கேரியரில் பாத்திரமும் பையும் ஏறும். அப்படியே மலையும் ஏறணும்.

புதுசு வாங்க முடியாத வீடு செகண்ட்ஸ் பார்க்கும். சேமிப்பில் பாதி, நகைக்கடன் பாதி. விளம்பரத்தில் "சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்" என்று இருக்கும். வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்த கம்பெனி வண்டி ரிப்பேர் வைக்காது?"

கேள்வி நியாயம்தான், ஆனால் பாதிக் கேள்விதான். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஐந்து வருஷ இடைவெளி. உள்ளே இருப்பது வேற வண்டி. அந்த வருஷத்துப் புகைச் சட்டம், அந்த வருஷத்து டீசல், அந்த வருஷத்து வரி எல்லாம் சேர்ந்து ஒரு வண்டியைச் செய்கின்றன. பத்து வருஷம் கழித்து வருகிற ரிப்பேரும் அங்கேயிருந்துதான் வருது.

புகையைப் பார்த்து வைத்தியம் பண்ண காலம்

1947-ல் மஹிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அதன் பிறகு பல வருஷம் நம்ம ஊர்களில் "பெரிய வண்டி" என்றால் ஜீப், அல்லது வேன். குடும்பத்துக்கென்று ஒரு பெரிய டீசல் வண்டி என்ற எண்ணத்தைப் பரவலாக்கியது 1994-ல் வந்த டாடா சுமோ. பெயர் ஜப்பான் மல்யுத்தம் இல்லைங்க. கம்பெனியின் முன்னாள் தலைவர் சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து "சு"வும் "மோ"வும் எடுத்து வைத்தது.

சுமோ லாரி மாதிரியான கட்டமைப்பு. கீழே ஒரு சேஸி, அதுக்கு மேலே பாடி. 2 லிட்டர் டீசல் இன்ஜின், டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. பம்ப் டீசலை அழுத்தும், நாசில் பீச்சும், அவ்வளவுதான்.

இந்த மாதிரி வண்டிகள் ரிப்பேர் வைக்காதவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வைக்கும், அடிக்கடி வைக்கும். ஆனால் நோய் வெளியே தெரியும். கருப்புப் புகை அடித்தால் டீசல் சரியாக எரியவில்லை. நாசிலைப் பார், ஏர் ஃபில்டரைப் பார். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, ரிங் போயிருக்கலாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, ரேடியேட்டரில் தண்ணியும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். மெக்கானிக் அண்ணன் சைலன்சர் பக்கம் நின்று பார்த்தே பாதி வைத்தியம் சொல்லிடுவார். பம்ப்பைக் கழற்றி கேலிபரேஷனுக்கு அனுப்பலாம். பட்டை உடைந்தால் பட்டை மாற்றலாம். ராஜபாளையத்தில் இறங்கினால் ராஜபாளையத்திலேயே சரி பண்ணிக்கொண்டு போய்விடலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக்கூடாது. அந்தக் கால வண்டியைப் பற்றி ஏக்கமாகப் பேசுகிறோம், ஆனால் பின்னாடி பக்கவாட்டில் உட்காருகிற சீட்டுக்கு பெல்ட் கிடையாது. ஏர்பேக் கிடையாது. 2016 மே மாதம் குளோபல் என்கேப் அமைப்பு இந்திய வண்டிகளை மோதிப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோ ஒன்றுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்ஜியம் ஸ்டார். வழியில் நிற்காத வண்டியும், மோதினால் காப்பாற்றுகிற வண்டியும் ஒன்று இல்லை. பழைய வண்டி வாங்குகிற வீட்டில் இந்த இரண்டாவது கணக்கை யாருமே போடுவதில்லை.

பெயர் எடுத்த வண்டியும் ஒரு பெல்ட்டும்

2000-ல் டொயோட்டா குவாலிஸோடு வந்தது. இந்தோனேசியாவின் கிஜாங் என்ற வண்டிதான் இங்கே குவாலிஸ். பழைய கட்டமைப்பு, பின்னாடி பட்டை ஸ்பிரிங், அலட்டல் இல்லாத 2.4 லிட்டர் டீசல். டிராவல்ஸ்காரர்கள் கொண்டாடினார்கள். நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு, 2005-ல் இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். நடுவில் 2002-ல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ, 2004-ல் செவர்லே டாவேரா. 5 வருஷத்துக்குள் இந்த ரோட்டின் முகமே மாறியது.

"டொயோட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சு அப்போது பிறந்தது. அதில் உண்மை இருக்கு. ஆனால் அந்தப் பேச்சை நம்பி ஏமாறுகிற இடமும் இருக்கு: டைமிங் பெல்ட். குவாலிஸிலும் முதல் தலைமுறை இன்னோவா டீசலிலும் இன்ஜின் வால்வுகளை ஓட்டுவது செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். 2012-ல் சென்னை ஒரகடத்தில் செய்யப்பட்டு வந்த ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலிலும் பெல்ட்தான். கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆகணும். மாற்றாமல் ஓட்டி அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஹெட்டைக் கழற்ற வேண்டிய வேலை.

இப்போ யோசிங்க. பெல்ட் மாற்ற வேண்டிய நேரத்தை முடிவு பண்ணுவது ஓடோமீட்டர். செகண்ட்ஸ் மார்க்கெட்டில் முதலில் பொய் சொல்வதும் அதே ஓடோமீட்டர். 2 லட்சம் ஓடின வண்டியை 80 ஆயிரம் என்று சுற்றி வைத்தால், வாங்குகிறவர் வெறும் விலையில் மட்டும் ஏமாறவில்லை. "இன்னும் டைம் இருக்கு" என்று நினைத்து, ஏற்கெனவே காலம் முடிந்த பெல்ட்டோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு மலை ஏறுகிறார். "பேர் எடுத்த வண்டி, ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கையில் சர்வீஸ் பில் கூட கேட்டிருக்க மாட்டார்.

டாவேரா: பரிட்சைக்கு வேற இன்ஜின்

இந்த வரலாற்றில் ஒரு பெரிய மோசடியும் இருக்கு. ஃபோக்ஸ்வேகன் டீசல் ஊழல் எல்லோருக்கும் தெரியும், 2015 செப்டம்பர். அதற்கு 2 வருஷம் முன்னாடியே இந்தியாவில் ஒன்று நடந்தது. 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா 1.14 லட்சம் டாவேராக்களைத் திரும்ப அழைத்தது. 2005 முதல் 2013 வரை செய்தவை. காரணம், புகைப் பரிசோதனையில் கம்பெனி ஆட்களே தில்லுமுல்லு செய்திருந்தார்கள். பரிசோதனைக்குப் போகிற வண்டிகளில் மட்டும் நன்றாக ட்யூன் பண்ணின இன்ஜின்களைப் பொருத்தினார்கள். வண்டியின் எடைக் கணக்கிலும் கை வைத்தார்கள். கம்பெனியே இதை அரசிடம் ஒப்புக்கொண்டது. உயர் அதிகாரிகள் உட்படப் பலர் வேலையை இழந்தார்கள். அரசும் விசாரணைக் குழு அமைத்தது.

நம்ம ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் டாவேரா எவ்வளவு சாதாரணமான வண்டி என்று சொல்ல வேண்டியதில்லை. ரீகால் என்று அறிவித்தால் கடிதம் போவது கம்பெனி பதிவில் இருக்கிற ஓனருக்கு. வண்டி அதற்குள் இரண்டு கை மாறியிருந்தால்? கடிதம் ஒரு ஊரில், வண்டி இன்னொரு ஊரில். செகண்ட்ஸ் வாங்குகிறவர்களுக்கு ரீகால் என்ற விஷயமே போய்ச் சேராததற்கு இதுதான் முக்கியக் காரணம்.

சட்டமும் தாமதமாகத்தான் வந்தது. 2012-ல் கம்பெனிகள் சங்கமான சியாம் தாமாக முன்வந்து ரீகால் செய்யும் நடைமுறையைத் தொடங்கியது. அரசே கட்டாயப்படுத்தி ரீகால் செய்யவைக்கும் அதிகாரம் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் வந்தது. விதிகள் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. அந்த விதிகளும் 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். செகண்ட்ஸ் சந்தையில் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டுகிற வண்டியோ பெரும்பாலும் 7 வருஷத்தைத் தாண்டியது.

ஒரே நாடு, இரண்டு டீசல்

இப்போ கொஞ்சம் டெக்னிக்கல். பயப்படாதீங்க, சின்ன விஷயம்தான்.

டீசலில் கந்தகம் இருக்கும். பி.எஸ்.2 காலத்து டீசலில் 10 லட்சத்தில் 500 பங்கு, பி.எஸ்.3-ல் 350, பி.எஸ்.4-ல் 50, பி.எஸ்.6-ல் 10. புகைச் சட்டம் இறுக இறுக, பழைய பம்ப் போய் காமன் ரெயில் வந்தது. எல்லா நாசிலுக்கும் பொதுவாக ஒரு குழாய், அதில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம், எப்போது எவ்வளவு பீச்சணும் என்று முடிவு பண்ண ஒரு கம்ப்யூட்டர். வண்டி அமைதியானது, பிக்கப் கூடியது, மைலேஜும் கூடியது. ஆனால் அந்த நாசில் நுனியில் இருக்கிற துளைகள் முடியளவு. டீசலில் தண்ணியோ தூசியோ கலந்தால் தாங்காது. டீசல் ஃபில்டரை மலிவாகப் பார்த்துப் போட்டவர்கள் இன்ஜெக்டரை விலை கொடுத்து வாங்கினார்கள்.

2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களுக்கு மட்டும் பி.எஸ்.4 வந்தது. மற்ற ஊர்களுக்கு அதே வருஷம்தான் பி.எஸ்.3. நாடு முழுக்க பி.எஸ்.4 ஆனது 2017 ஏப்ரலில். நடுவில் 7 வருஷம். அந்த இடைவெளியில் சென்னையில் 50 பங்கு கந்தக டீசல் போட்டுப் புறப்பட்ட வண்டி, தெற்கே வந்து 350 பங்கு டீசலைக் குடித்தது. சுத்தமான டீசலை நம்பி வடிவமைத்த இன்ஜின் அது. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்புகிற ஈ.ஜி.ஆர். வால்வில் கரி படியும், ஆயில் சீக்கிரம் கெடும். வண்டி இழுக்காமல் மந்தமாகும். ஓட்டுகிறவர் கம்பெனியைத் திட்டுவார்.

இன்னொரு குழப்பமும் இந்த 7 வருஷத்தில்தான். ஒரே பெயரில், ஒரே வருஷத்தில், இரண்டு ரகம் விற்றது. டாவேராவில் பி.எஸ்.3 என்றால் 2.5 லிட்டர் இன்ஜின், பி.எஸ்.4 என்றால் 2.0 லிட்டர். பெயரையும் வருஷத்தையும் மட்டும் பார்த்து பார்ட்ஸ் வாங்கப் போனால் பொருந்தாது. அதனால ஆர்.சி.யில் உற்பத்தி ஆண்டு மட்டும் பார்க்காம, எந்த பி.எஸ். என்றும் பாருங்க.

கார் மாதிரி ஆன எஸ்.யூ.வி.

2011-ல் மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.500. அந்தக் கம்பெனியின் முதல் மோனோகாக் எஸ்.யூ.வி. அது. அதாவது தனியாக சேஸி கிடையாது, பாடியே சேஸி. சுமோவில் தூக்கிப் போட்ட குடும்பத்துக்கு இது சொர்க்கம். ஆனால் ரிப்பேரின் இயல்பு மாறியது. முதல் வருஷ வண்டிகளில் ஓனர்கள் அதிகம் பேசியது எலக்ட்ரிக்கல் கோளாறுகளையும் முன்பக்க சஸ்பென்ஷன் சத்தத்தையும்தான். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒரு மாடலின் முதல் வருஷ உற்பத்தியில் இந்தப் பல் முளைக்கிற காய்ச்சல் இருக்கும். பிறகு சரி செய்வார்கள். அதனால் செகண்ட்ஸ் பார்க்கும்போது, மாடல் வந்த முதல் வருஷத்து வண்டியை விட மூன்றாவது வருஷத்து வண்டி மேல்.

சென்சார் வந்த பிறகு சைலன்சர் பக்கம் நின்று வைத்தியம் சொல்ல முடியாது. ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனரும் ஒரு நம்பரைத்தான் காட்டும், காரணத்தைக் காட்டாது. எலி கடித்த ஒயரையும் செத்துப்போன சென்சாரையும் அது ஒரே நம்பரில் சொல்லலாம். நம்பரை நம்பி பார்ட்ஸ் மாற்றுகிற மெக்கானிக் உங்க பர்ஸைக் காலி பண்ணுவார். ஒயரிங்கைத் தேடிப் பார்க்கிற மெக்கானிக் காப்பாற்றுவார். அப்படி ஒருத்தரைத் தெரிஞ்சு வச்சிருக்கிறதும் வண்டி வாங்குறதுல ஒரு பகுதிதான்.

12 கிலோமீட்டர் பிரச்சினை

2020 ஏப்ரலில் பி.எஸ்.6. இதற்கான செலவைப் பார்த்து மாருதி டீசலையே விட்டது, ரெனோவும் விட்டது. தொடர்ந்த டீசல் வண்டிகளில் ஒரு புதுப் பாகம் வந்தது: டி.பி.எஃப். என்கிற கரி வடிகட்டி. புகையில் இருக்கிற கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் அதுவே எரித்துக்கொள்ளும். அப்படி எரிய, வண்டி ஹைவேயில் கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓடணும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். காலையில் வேலைக்குப் போய் நிறுத்தி, சாயங்காலம் திரும்பி வருகிற ஒருவருக்கு, இன்ஜின் முழுசாகச் சூடேறும்போது ஊர் வந்துவிடும். வடிகட்டி எரிக்கத் தொடங்கும், பாதியில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். மறுபடி தொடங்கும், மறுபடி அணையும். கரியை எரிக்க என்று கூடுதலாகப் பீச்சின டீசல், எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் லெவல் கூடியிருக்கும். ஆயில் குறைந்தால் பயப்பட நமக்குத் தெரியும். கூடினாலும் பயப்படணும் என்பது இந்தத் தலைமுறை வண்டி சொல்லித்தரும் பாடம். தினமும் சின்ன தூரம் ஓட்டுகிற வீட்டுக்கு பி.எஸ்.6 டீசலை விட பெட்ரோல் வண்டி பொருத்தம்.

வண்டி எங்கிருந்து வருது?

கடைசியாக, வண்டியின் பயணத்தையும் பார்க்கணும். டெல்லி வட்டாரத்தில் 10 வருஷம் ஆன டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகு அங்கே மலிவான வண்டிகள் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களுக்கு இறங்கின. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மறுபடி சென்னை. அதே மாதம் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி. வெள்ளத்தில் மூழ்கின வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டால் பளபளக்கும். ஆறு மாதம் கழித்து ஒயரிங் கனெக்டரில் பச்சை பூக்கும். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்க. அடியில் சேற்றுக் கறை இருந்தால், விலை பேசாமல் வந்துடுங்க.

டி போர்டாக ஓடி, ஓன் போர்டாக மாற்றின வண்டியா என்றும் ஆர்.சி. வரலாற்றில் பாருங்க. டாக்ஸியாக ஓடினதே குற்றம் இல்லை; ஓடின கிலோமீட்டரை மறைப்பதுதான் குற்றம். கம்பெனியே ஊரை விட்டுப் போயிருக்கிறதா என்பதும் முக்கியம். ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இங்கே விற்பனையை நிறுத்தியது. டாவேரா செய்த ஹாலோல் தொழிற்சாலையில் இன்றைக்கு எம்.ஜி. வண்டிகள் வருகின்றன. மறைமலை நகரில் ஈகோஸ்போர்ட் செய்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இந்த வண்டிகள் கெட்டவை இல்லை. ஆனால் ஒரு சின்ன சென்சாருக்காக வண்டி எத்தனை நாள் ஷெட்டில் நிற்கும் என்பதை வாங்கும் முன்பே விசாரித்துக்கணும்.

சுருக்கமாச் சொல்றேன். அடுத்த முறை வீட்டில் "எந்த கம்பெனி நல்லது?"ன்னு கேட்டா, நீங்க திருப்பி ஐந்து கேள்வி கேளுங்க. எந்த வருஷம், எந்த பி.எஸ்.? பெல்ட்டா செயினா, மாற்றின பில் எங்கே? எத்தனை கை மாறியது, எந்த ஊரில் ஓடியது? சேஸி நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் ரீகால் பாக்கி இருக்கான்னு கேட்டாச்சா? நம்ம வீட்டு ஓட்டம் தினமும் 12 கிலோமீட்டரா, வருஷத்துக்கு ரெண்டு தடவை மலையா? இதுக்குப் பதில் சொல்ல முடியாதவர்கிட்ட வண்டி எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

உங்க வீட்டுல இப்போ நிக்கிற வண்டி எந்த வருஷம், எந்த பி.எஸ்.ன்னு இன்னைக்கே ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.